வாய்ச்சொல்லதிகாரம்

டிவியில் கிரிக்கெட் வர்ணனை செய்வோருக்கு இதுவரை யாரும் இலக்கணம் வகுக்கவில்லை. இலக்கணம் படித்தவர்கள் மேட்ச் பார்ப்பதில்லை. மேட்ச் பார்ப்பவர்களுக்கு நன்னூல் ஆகாது. இரண்டிலும் அரைகுறையான அடியேன் அந்தக் குறையைத் தீர்க்கத் துணிந்தேன். சொல் நால்வகைப்படும், வர்ணனையாளரும் நால்வகையே.

முதலாமவர் பெயர்ச்சொல்லார். பெயருக்காகவே கூப்பிடப்பட்டவர். நூறு டெஸ்ட் ஆடியிருப்பார், அல்லது ஒரே ஒரு மறக்கமுடியாத சதம் அடித்திருப்பார். ‘எங்க காலத்துல’ என்பது இவர் ஏற்கும் வேற்றுமை உருபு. அதை ஏற்காமல் எந்தத் தொடரிலும் இவர் நிற்பதில்லை.

அடுத்து உரிச்சொல்லார். உள்ள பண்பை மிகுத்துக் காட்டுவது இவர் தொழில். 1998 ஏப்ரலில் ஷார்ஜாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சச்சின் அடுத்தடுத்து 143, 134 என்று அடித்தபோது வர்ணனையாளர் டோனி கிரெய்க் போட்ட கூச்சலை இதற்கு மேற்கோளாகக் கொள்க. நவ்ஜோத் சிங் சித்து இவ்வினத்தின் எல்லை. அவரிடம் உவமை வந்த பிறகுதான் பொருளைத் தேடுவார்கள். சில நாள் கிடைக்கும்.

இடைச்சொல்லார் தனித்து இயங்க மாட்டார். டாஸுக்கும் முதல் பந்துக்கும் நடுவே, விக்கெட்டுக்கும் விளம்பரத்துக்கும் நடுவே வருவார். தமிழ் ஒளிபரப்பில் இவருக்குரிய அசைநிலை ‘பாத்தீங்கன்னா’. பொருள் இல்லை, எடுத்துவிட்டால் மூச்சுவிட இடமும் இல்லை.

நான்காமவரே இந்நூலின் நாயகர்: வினைச்சொல்லார். பந்து பந்தாகச் சொல்லுகிறவர். இவர் குலம் வானொலியில் தோன்றியது. 1938இல் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்தில் ஆடியபோது, ஏபிசி வானொலியின் வர்ணனையாளர்கள் உட்கார்ந்திருந்தது சிட்னி ஸ்டூடியோவில். கடல் கடந்து தந்தி வரும். ஒரு பந்துக்கு இரண்டு மூன்று சொல்தான் இருக்கும். அதை ஒரு முழுப் பந்தாக விரித்துச் சொல்வார்கள். மட்டையில் பந்து படும் ஓசைக்குப் பென்சிலால் மரக்கட்டையில் ஒரு தட்டு. கைதட்டலுக்கு இசைத்தட்டு. பார்க்காத வினையை விரித்துரைத்த அந்தக் கலைக்கு இணை கிடையாது.

டிவி வந்ததும் வினையைப் படமே சொல்லிவிட்டது. ‘ஓடி வருகிறார், வீசுகிறார்’ என்று வானொலியில் சொன்னால் விருந்து. டிவியில் சொன்னால், கண் தெரியாதவன் என்று நினைத்தாயா என்று வீட்டில் திட்டு விழும். வானொலி வர்ணனை விரி, டிவி வர்ணனை தொகை. சொல் மறைந்து நிற்க வேண்டும், பொருள் மட்டும் விளங்க வேண்டும். என் அப்பா டிவியை ஊமையாக்கிவிட்டுப் பக்கத்தில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொள்வார். கண்ணுக்குத் தொகை, காதுக்கு விரி. இலக்கணம் தெரியாமலே இலக்கணப்படி வாழ்ந்தவர்.

வினைச்சொல்லார் படும் பாட்டையும் சொல்ல வேண்டும். கையில் மைக். காதில் தயாரிப்பாளர் குரல்: ரீப்ளே வருகிறது, ஓவர் முடிந்தால் விளம்பரம், பத்து, ஒன்பது, எட்டு. பக்கத்தில் பெயர்ச்சொல்லார் தம் பழங்கதையின் நடுவில் இருக்கிறார். பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கியாயிற்று. கதையை நோகாமல் வெட்டி, பந்தைச் சொல்லி, அடுத்த பந்துக்குள் கதையைத் திருப்பித் தர வேண்டும். இதைச் செய்யத் தெரியாதவர் எத்தனை ரன் அடித்திருந்தும் பயனில்லை.

இவருக்கு நேரும் பெரும்பிழை காலத்தில் வரும். பந்து வானத்தில் இருக்கும்போதே ‘போயிருச்சு, சிக்ஸ்!’ என்பார். வராதவன் ‘இதோ வந்துட்டேன்’ என்பதைப்போல, விரைவு பற்றி எதிர்காலம் இறந்தகாலமாகச் சொல்லப்பட்ட கால வழுவமைதி இது. எல்லைக்கோட்டில் ஒருவன் கேட்ச் பிடித்துவிட்டால் அமைதி போய்விடும், வழு நிற்கும்.

இந்தியாவுக்கு ஆடாமலே இத்தொழிலுக்கு வந்தவர் ஹர்ஷா போக்ளே. ரசாயனப் பொறியியல் படித்தார், அகமதாபாத் ஐஐஎம்மில் மேலாண்மையும் படித்தார். 19 வயதில் அகில இந்திய வானொலி; 1991–92இல் அதே ஆஸ்திரேலிய ஏபிசி அவரை அழைத்தது. 2016இல் காரணம் சொல்லாமல் ஐபிஎல்லில் அவரைச் சேர்க்காமல் விட்டார்கள். மறு ஆண்டு வந்துவிட்டார். இத்தொழிலில் காரணப்பெயர் குறைவு, இடுகுறியே மிகுதி.

விலைப்பெயர் என்று ஒன்றும் உண்டு, முன்னோர் அறியாதது. ஐபிஎல்லின் தொடக்க ஆண்டுகளில் சிக்ஸரை விளம்பரதாரர் பெயரால் ‘டிஎல்எஃப் மேக்சிமம்’ என்றார்கள். விதிவிலக்கு வேண்டுவோர் விளம்பரதாரரை அணுகுக.

இனி ஆய்தம். தனிநிலை என்றும் பெயர் பெற்ற மூன்று புள்ளி. வர்ணனையில் அது மௌனம். ரிச்சி பெனோ இதன் ஆசிரியர். 1956இல், ஆஸ்திரேலிய அணிக்குக் கேப்டனாவதற்கு முன்பே, இங்கிலாந்துப் பயணம் முடிந்து மற்றவர்கள் கிளம்ப, இவர் மட்டும் லண்டனில் தங்கி பிபிசியில் தொழில் படித்தார். பெயர்ச்சொல்லாராகவே காலம் தள்ளியிருக்கலாம், தள்ளவில்லை. படம் காட்டாத ஏதாவது சொல்ல இருந்தால் மட்டும் வாய் திறப்பது என்பது அவர் விதி.

2005 செப்டம்பரில் ஓவல் மைதானம். இங்கிலாந்தில் அது அவருடைய கடைசி டெஸ்ட் வர்ணனை. மைக்கில் நன்றி சொல்லி விடைபெற்றுக்கொண்டிருந்தார். அந்நேரம் பார்த்து மெக்ராத் வீசிய பந்து, 158இல் இருந்த பீட்டர்சனின் ஸ்டம்பைச் சாய்த்தது. பெனோ நன்றியின் நடுவிலேயே, குரல் மாறாமல், விக்கெட்டையும் சொன்னார். இலக்கணத்தில் இதற்குப் பெயர் இடைப்பிறவரல்.