சப்பென்று முடிந்த ஓர் இரவு: நன்னூல் நோக்கில் ஓர் ஆய்வு

வினாடி வினா நிகழ்ச்சி சப்பென்று முடிவது புதிதல்ல. போட்டியாளர் திருதிருவென்று விழிப்பார், நடத்துநர் அசடு வழியச் சிரிப்பார், நாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவோம். ஆனால் சப்பென்று முடிந்த ஒரே காரணத்தால் ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் புதிய பிரிவு ஏற வழி செய்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1956 செப்டம்பர் 12 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் அரங்கேறிய ‘ட்வென்டி ஒன்’ நிகழ்ச்சியின் முதல் இரவு அது. அதன் பின்னால் வந்த மோசடியைப் பற்றி நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 1994இல் ராபர்ட் ரெட்ஃபோர்டு ‘க்விஸ் ஷோ’ என்று படமே எடுத்தார். மோசடியே நடக்காத அந்த முதல் இரவை மட்டும் எல்லோரும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். இந்த ஓரவஞ்சனையைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆட்டத்தின் இலக்கணத்தை முதலில் வரையறுப்போம். ஒலி புகாத இரண்டு கூண்டுகள். கூண்டுக்கு ஒருவர், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு. ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாது. ஒன்று முதல் பதினொன்று வரை எந்தப் புள்ளி வேண்டும் என்று போட்டியாளரே கேட்கலாம். புள்ளி கூடக் கூடக் கேள்வியும் கடுக்கும். சரியான விடைக்குப் புள்ளி ஏறும், தவறான விடைக்கு இறங்கும், சுழியத்துக்குக் கீழே மட்டும் போகாது. முதலில் இருபத்தொன்றைத் தொடுபவர் பக்கம் வெற்றி சாயும்.

கவனிக்க வேண்டிய இடம் இந்தச் சுழியம். விதியை வகுத்தவர்கள் மனிதன் எவ்வளவு உயரம் ஏறுவான் என்று கனவு கண்டு பதினொன்று வரை படிக்கட்டு கட்டினார்கள். கீழே விழுபவனுக்காக ஒரு தரையும் போட்டு வைத்தார்கள். அந்தத் தரையில்தான் ஆட்டம் முழுவதும் நடக்கும் என்று அவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். முதல் இரவு நேர்மையாக நடந்தது. யாருக்கும் விடை முன்கூட்டித் தரப்படவில்லை. விளைவு, கேள்விமேல் கேள்வி விழுந்ததே தவிர விடை எழவில்லை. படுதோல்வி என்று பிற்காலத்தில் தயாரிப்பாளர் டான் என்ரைட்டே ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலையில் விளம்பரதாரரிடமிருந்து தொலைபேசி வந்தது. நேற்று நடந்தது இனி ஒருமுறை நடக்கக் கூடாது என்று கறாரான உத்தரவு. விளம்பரதாரர் விற்றது ஜெரிட்டால் என்னும் இரும்புச்சத்து டானிக். ‘களைத்துப்போன ரத்தத்துக்கு’ ஊக்கம் தரும் என்பது அதன் விளம்பரம். இளிவரல் என்னும் மெய்ப்பாடு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கிலிருந்து பிறக்கும் என்பார் தொல்காப்பியர். அந்த டானிக்கின் வாடிக்கையாளர் பட்டியலும் ஏறக்குறைய இதுவே. வீட்டில் மூப்பும் பிணியுமாக உட்கார்ந்து டானிக் குடிப்பவர் கண்முன்னே கூண்டுக்குள் இருவர் வருத்தமும் மென்மையுமாக நின்றால் சரக்கு எப்படி விற்கும்? விளம்பரதாரரின் கோபத்தில் தொல்காப்பிய நியாயம் இருந்தது என்பது நம் துணிபு. (அந்த டானிக்கின் கதையும் பிற்பாடு நாறியது. களைப்புக்கு மருந்து என்று மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக அமெரிக்க அரசின் வணிக ஆணையம் ஆண்டுக்கணக்கில் அதை விரட்டி, 1973இல் 8 லட்சம் டாலருக்கு மேல் அபராதத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.)

இனி இலக்கணத்துக்கு வருவோம். வினா அறுவகைப்படும் என்பது நன்னூல். அவற்றுள் கேட்பவர் விடையை அறிந்துகொண்டே கேட்பது அறிவினா. ஆசிரியர் மாணவனைக் கேட்பது போன்றது; தொலைக்காட்சி வினாடி வினாவும் அவ்வகையே. முதல் இரவில் நடத்துநர் ஜாக் பேரி கேட்டவை ஐயமற அறிவினாக்கள். விடை எட்டு வகைப்படும் என்றும் நன்னூலார் சொல்கிறார். அந்த எட்டிலும் ‘தெரியாமல் நிற்றல்’ இல்லை. ஆக, அன்று கூண்டில் நின்றவர்கள் தோற்கவில்லை. இலக்கணம் கைவிட்ட இடத்தில் நின்றார்கள்.

தொலைபேசி வந்த பிறகு நடந்தது அதைவிட விந்தை. விடைகளைப் போட்டியாளருக்கு முன்பே கொடுத்துவிட முடிவு செய்தார்கள். கேட்பவருக்கும் விடை தெரியும், சொல்பவருக்கும் தெரியும். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர் ஒருவருக்குத்தான் தெரியாது. நன்னூலில் இல்லாத இந்த ஏழாம் வகைக்கு ‘டானிக் வினா’ என்று பெயர் சூட்டப் பரிந்துரைக்கிறோம்.

டானிக் வினாவின் வேலைப்பாட்டை ஹெர்பர்ட் ஸ்டெம்பல் என்பவரிடம் காணலாம். படித்தவர், ஞாபகசக்தி மிக்கவர். என்ரைட் அவருடைய வீட்டுக்கே போய் அலமாரியைத் திறந்து, அளவு பொருந்தாத பழைய கோட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கழுத்துப்பட்டை நைந்த சட்டை. ஒட்ட வெட்டிய முடி. மலிவான கைக்கடிகாரம், அதுவும் டிக் டிக் என்று சத்தம் போடுவதாக. யோசிப்பதுபோல் உதட்டைக் கடிக்க வேண்டும். நெற்றி வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்ற வேண்டும், அழுத்தித் துடைக்கக் கூடாது. வியர்வை தட்டுப்படாமல் போகக் கூடாதே என்று கூண்டுக்குள் குளிர்சாதனத்தையும் நிறுத்தினார்கள். ஏழை மாணவர் வேடம். தெருக்கூத்தில்கூட ஒப்பனை இவ்வளவு நுணுக்கம் பார்க்காது.

மக்களுக்கு அவர் சலித்ததும் தோற்கச் சொன்னார்கள். 1955ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எந்தப் படத்துக்கு என்பது கேள்வி. விடை ‘மார்ட்டி’, ஸ்டெம்பலுக்கு மிகவும் பிடித்த படம், பலமுறை பார்த்தது. ‘ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்’ என்று அவர் தவறாகச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு, சொன்னார். முதல் இரவின் போட்டியாளர்கள் தெரியாததைத் தெரியாது என்று நின்றார்கள். இவர் தெரிந்ததைத் தெரியாது என்று நடித்தார். அறியாமையிலும் அசல், போலி என்று இரண்டு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அவரை வென்றவர் சார்லஸ் வான் டோரன். கொலம்பியா பல்கலைக்கழக ஆங்கில ஆசிரியர், கவிஞர் மார்க் வான் டோரனின் மகன், பார்க்க லட்சணமானவர். 1,29,000 டாலர் வென்றார், ‘டைம்’ இதழின் அட்டையில் வந்தார். 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன் எல்லாம் ஏற்பாடுதான் என்று ஒப்புக்கொண்டார். ஜேம்ஸ் ஸ்னாட்கிராஸ் என்னும் இன்னொரு போட்டியாளர் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். தனக்குத் தரப்பட்ட கேள்வி விடைகளை எழுதி, ஆட்டத்துக்கு முன்பே தன் முகவரிக்குப் பதிவுத்தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைத்திருந்தார். அஞ்சல் முத்திரை தேதியோடு அந்த உறைகள் குழுவின் முன் சான்றாயின. ஆய்வு மாணவர்கள் தரவு சேகரிக்கும் முறையை இவரிடம் படிக்கலாம்.

சபை நடுவே ஒருவர் எழுந்து, “ஐயா, பார்ப்பவருக்குச் சுவைதானே முக்கியம்? போலியாக இருந்தால் என்ன, ஆட்டம் விறுவிறுப்பாக இருந்ததே” என்று தடை எழுப்பலாம். நியாயம்தான். நாமும் அந்த இரவு அங்கே இருந்திருந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்திருப்போம். ஆனால் விறுவிறுப்புக்கு நாடகம் இருக்கிறது, மல்யுத்தம் இருக்கிறது. தெரியுமா தெரியாதா என்று பார்க்க உட்கார்ந்தவனுக்குத் தெரியாது என்பதும் முழு விடைதான். அந்த வகையில் ‘ட்வென்டி ஒன்’ பார்வையாளருக்குத் தந்த வாக்கைக் காப்பாற்றியது, அந்தச் சப்பென்ற இரவில்.

மோசடி வெளிப்பட்ட பிறகு வினாடி வினா என்றாலே சந்தேகம் என்றானது. தொலைக்காட்சித் தயாரிப்பாளர் மெர்வ் கிரிஃபினின் மனைவி ஜூலான், விடையைப் போட்டியாளரிடம் நேரடியாகவே கொடுத்துவிட்டுக் கேள்வியை அவர்களைச் சொல்லச் சொன்னால் என்ன என்றார். அப்படிப் பிறந்தது 1964இல் தொடங்கிய ‘ஜெப்பர்டி’. வினாவையே விடையாகத் தருவதற்கு ‘வினா எதிர் வினாதல்’ என்று நன்னூலார் முன்பே இடம் ஒதுக்கி வைத்திருந்தார் என்பதை அமெரிக்கர்களுக்கு யாரேனும் எழுதித் தெரிவிப்பது நலம்.

சட்டம் 1960இல் வந்தது. அதுவரை இப்படிப் பார்வையாளரை ஏமாற்றுவது அங்கே குற்றமாகவே இல்லை. தகவல்தொடர்புச் சட்டத்தில் சேர்ந்த 509ஆம் பிரிவின்படி, பொதுமக்களை ஏமாற்றும் நோக்கில் அறிவுப் போட்டியாளருக்கு ரகசியமாக உதவினால் ஓராண்டு வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒன்றும் தெரியாமல் கூண்டில் நிற்பவருக்கு அதில் எந்தத் தண்டனையும் இல்லை.