கத்திரி வெயிலும் கணக்குத் தணிக்கையும்

சித்திரை பிறந்தால் எங்கள் வேலூர்க்காரர்களுக்கு ஒரு பெருமையும் கூடவே பிறந்துவிடும். சாயங்காலச் செய்தியில், "இன்று தமிழகத்தில் அதிகபட்சமாக..." என்று அந்தப் பெண் இழுக்கும்போது தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். வேலூர் என்று சொன்னால் நிம்மதி. கரூர் பரமத்தி என்று சொல்லிவிட்டால் எதிர்வீட்டு அக்கா பட்டென்று டிவியை அணைத்துவிடுவார். "நமக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். இதையும் தூக்கிக்கினு போயிட்டாங்களா?" என்பார், வாசலுக்கு வந்து.

மனுஷருக்குப் பெருமையாவது மிஞ்சுகிறது. மரத்துக்கு? எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு தென்னை, ஒரு மா, எலுமிச்சை, கொய்யா, கறிவேப்பிலை, முருங்கை, ஒரு மூலையில் வேம்பு. இவை வெயிலால் பட்ட பாட்டைவிட, வெயிலில் இருந்து காப்பாற்ற வந்தவர்களால் பட்ட பாடு அதிகம் என்பது என் கட்சி. காப்பாற்ற வந்தவர்களில் முதல்வர் என் கணவர்.

இவர் ஆயுள் முழுக்கத் தணிக்கைப் பிரிவில் இருந்தவர். ஊர் ஊராகப் போய் அடுத்தவர் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்தவர். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும் முதலில் மளிகைக் கணக்கைப் பார்த்தார். நான் பார்த்த பார்வையில் அதை மூடிவைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனார். மரங்கள் எதிர்த்துப் பேசாது என்பதைத் தெரிந்துகொண்ட அன்றே நீளமான நோட்டு ஒன்று வாங்கினார். மரத்துக்கு ஒரு பக்கம். இடது பக்கம் தண்ணீர், எரு, ஆள்கூலி. வலது பக்கம் காய், பழம், இலை.

அக்னி நட்சத்திரம் மே 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28 வரை போகும். அந்தச் சமயத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு எலுமிச்சையைப் பார்த்தால் இலையெல்லாம் படகு மாதிரி மடிந்து நிற்கும். இவருக்கு மனசு கேட்காது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓஸ் பைப்பைத் தூக்குவார். மொட்டை மாடித் தொட்டியில் காலையில் இருந்து வெந்த தண்ணீர், வெயிலில் கிடந்த பைப்பில் இன்னொரு தரம் வெந்து, டீத்தூள் போட்டால் இறங்கிவிடும் பதத்தில் வரும். அதை எலுமிச்சை வேரில் விடுவார். பெயர், கருணை.

உண்மையில் அந்த நேரத்தில் மரம் தாகத்தில் தவிக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இலையில் இருக்கும் நுண்ணிய துளைகள் வழியாகத்தான் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. உச்சி வெயிலில் மரம் அவற்றைச் சாத்திக்கொண்டு, இலையையும் மடக்கிக்கொண்டு, செலவைக் குறைக்கிறது. தணிக்கைக்காரர் பாராட்ட வேண்டிய காரியம். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அப்போதும் இலை தொங்கினால்தான் மண்ணில் ஈரமில்லை என்று அர்த்தம். இதைச் சொன்னதும், "காலைல இன்ஸ்பெக்‌ஷன், அப்படித்தானே?" என்று நோட்டில் குறித்துக்கொண்டார். அன்று முதல் விடிகிற நேரத்தில் எங்கள் மரங்களுக்கு ஆஜர் எடுக்கப்படுகிறது.

என் மாமியாருக்கு வேறு கவலை. "மத்தியானத்துல இலை மேல தண்ணி பட்டா இலை பொசுங்கிடும்டா" என்று அவர் நாற்பது வருஷமாகச் சொல்லிவருகிறார். துளி பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துச் சுட்டுவிடுமாம். இதை ஹங்கேரி நாட்டு விஞ்ஞானிகள் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2010-இல் முடிவும் வந்தது. வழவழப்பான இலையில் அப்படிச் சூடுபடாது, மேலே மயிர் முளைத்த சில இலைகளில் மட்டும் துளி உயரே நின்று சுட வாய்ப்புண்டு என்றார்கள். இவர் அதை அம்மாவிடம் எடுத்துச் சொன்னார். அத்தை வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்: "ஹங்கேரில இன்னா வெயிலு?" இவர் செல்போனில் தேடி ஒரு எண்ணைச் சொன்னார். "அதெல்லாம் எங்களுக்கு மார்கழி. வேலூருக்கு வந்து சோதிக்கச் சொல்லு."

இரண்டு பேருக்கும் நடுவில் நான் சொல்ல நினைத்ததைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. இலையின் ஓரம் கருகுவதற்கு எங்கள் வீட்டில் துளியைவிட உப்பே பெரிய காரணம். கோடையில் போர்வெல் தண்ணீர் கீழே போகப் போக உப்பு ஏறும். அதை இலை மேல் அடித்தால் தண்ணீர் காய்ந்து உப்பு தங்கிவிடும். ஊற்றுவதானால் மண்ணில் ஊற்ற வேண்டும்.

மண்ணில் எங்கே என்பதுதான் அடுத்த வழக்கு. நம் ஊரில் மரத்துக்குத் தண்ணீர் விடுகிற யாரையும் பாருங்கள், அடிமரத்தைக் குறிவைத்துத்தான் ஊற்றுவார்கள். பிள்ளையாருக்கு அபிஷேகம் செய்த கை. எங்கள் வீட்டுக்குத் தேங்காய் பறிக்க வருகிற பெரியவர் ஒருநாள் மேலே இருந்தபடியே பார்த்துவிட்டு, "இன்னா சார், மரத்தைக் குளிப்பாட்டறியா?" என்றார். இறங்கி வந்து விளக்கமும் சொன்னார். தடித்த வேர் மரத்தைத் தாங்க. தண்ணீர் குடிப்பது நுனியில் இருக்கிற மயிர் வேர். அது பரவிக் கிடப்பது கிளை விரிந்த எல்லையிலும் அதற்கு வெளியிலும், பெரும்பாலும் மேல் மண்ணின் இரண்டடிக்குள். அடிமரத்தில் ஊற்றுவது, பந்தியில் உட்கார்ந்தவரின் இலையை விட்டுவிட்டு மடியில் சாம்பார் ஊற்றுவதற்குச் சமம். எலுமிச்சைக்கு இது சாம்பாரோடும் நிற்பதில்லை. அடிப்பட்டையில் தண்ணீர் தேங்கினால் பூஞ்சணம் பிடித்துப் பிசின் வடிய ஆரம்பித்துவிடும். அதனால்தான் அதற்கு இரட்டை வட்டப் பாத்தி கட்டுவார்கள்: உள்வட்டம் மண் அணைத்து உலர்ந்திருக்கும், இரண்டு வரப்புக்கும் நடுவில்தான் தண்ணீர் நிற்கும்.

உச்சி வேளையில் நிழல் எங்கே முடிகிறதோ அங்கே வட்டம் போடுங்கள் என்று பெரியவர் சொல்லிவிட்டுப் போனார். இவர் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். மே மாதம், நண்பகல் பன்னிரண்டு மணி, தலையில் ஈரத் துண்டு, கையில் என் கோலமாவு டப்பா. மாமரத்தைச் சுற்றி ஒரு வட்டம், கொய்யாவைச் சுற்றி ஒன்று. அத்தை பின்வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இது எத்தனை புள்ளிடா?" என்றார். தென்னைக்குப் போனதும் சிக்கல். அதன் நிழல் வட்டம் பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. எல்லைத் தகராறு வரும் போலிருந்தது. நல்ல வேளையாகத் தென்னைக்கு அந்தச் சட்டம் செல்லாது; அதன் வேரில் பெரும்பகுதி அடியில் இருந்து ஆறடி தூரத்துக்குள்ளேயே வேலை செய்யும். ஆறடி ஆரத்தில் பாத்தி கட்டினால் போதும். பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை தொடர்கிறது.

எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதற்கு இவர் ஒரு கருவி கண்டுபிடித்தார். கருவி என்றால், இரண்டடி இரும்புக் கம்பி. ஈரமான மண்ணில் வழுக்கிக்கொண்டு இறங்கும், காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். தினமும் பத்து நிமிஷம் தண்ணீர் காட்டிய இடத்தில் குத்திப் பார்த்தார். நாலு விரற்கடைக்கு மேல் போகவில்லை. மனிதர் முகம் தணிக்கையில் கையாடலைக் கண்டுபிடித்த நாள் மாதிரி பிரகாசமாகிவிட்டது. தினம் மேலோட்டமாக நனைத்தால் வேரும் மேலேயே சோம்பேறியாகக் கிடக்கும். ஒருநாள் மோட்டார் ரிப்பேர் ஆனால் போச்சு. வாரம் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை, கம்பி முழுக்க இறங்கும் வரை நிதானமாக விட்டால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். தென்னை மட்டும் பெரிய குடிகாரன். கோடையில் ஒரு நாளைக்குச் சுமார் 60 லிட்டர் கணக்கில் கேட்கும். அதையும் சேர்த்து வைத்து வாரத்துக்கு இரண்டு தவணையாகக் கொடுக்கலாம்.

தவணை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. தென்னையின் பாளை வெளியில் தெரிவதற்கு இரண்டு வருஷத்துக்கு மேல் முன்பாகவே குருத்துக்குள் கருக்கொண்டுவிடும். இந்தக் கோடையில் காய விட்டால் குரும்பை இப்போதே கொஞ்சம் கொட்டும். மிச்ச நஷ்டம் இரண்டு வருஷம் கழித்துக் குலையில் தெரியும். எந்த வருஷக் கணக்கில் இதை எழுதுவது என்று இவர் இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

உண்மையான போர் தண்ணீரில் இல்லை, விளக்குமாற்றில். கோடையில் மரத்துக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம் மூடாக்கு. உதிர்ந்த இலை, தென்னை ஓலை, நார்க்கழிவு, எது கிடைத்தாலும் பாத்தியில் மூன்று நான்கு அங்குலத்துக்குப் பரப்பிவிட்டால் மண் சுடாது, ஈரம் சீக்கிரம் போகாது. ஆனால் என் மாமியார் தோட்டத்தைக் கோலம் போடுகிற அளவுக்குப் பெருக்கி வைக்கும் பரம்பரை. ஒரு மாவிலை கீழே விழுந்தால், தரையைத் தொடுமுன் கூட்டித் தள்ளப்படும். குவித்த சருகை மூலையில் கொளுத்தியும் விடுவார். அந்த அனலில் கொய்யாவின் கீழ்க்கிளை ஒன்று வருஷா வருஷம் கருகும். சருகு உரம் என்று இவர் பேசிப் பார்த்தார். "குப்பைய வீட்டுல வெச்சிக்கினு அதுக்குப் பேரு உரமா? பாம்பு வந்தா நீ பேசு அதுகிட்ட."

பாம்பு விஷயத்தில் அத்தையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கடைசியில் ஒப்பந்தம் ஆனது. பாத்திக்குள் விழுகிற சருகு மரத்துக்குச் சொந்தம், வெளியே விழுவது விளக்குமாற்றுக்கு. குவியல் கூடாது, பரப்பல்தான். அடிமரத்தை ஒட்டாமல் ஒரு சாண் விட வேண்டும், இல்லையென்றால் கறையான் ஏறும். வாரம் ஒருமுறை குச்சியால் கிளறிக் காட்ட வேண்டும். அத்தை இப்போதும் அதிகாலையில் எழுந்து எல்லைக்கோட்டில் கிடக்கும் இலைகளைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கிறார் என்று எனக்குச் சந்தேகம்.

தேங்காய் மட்டையிலும் பஞ்சாயத்து. மூடாக்காகப் பரப்பும்போது மட்டையின் முதுகு மேலே, வயிறு கீழே இருக்க வேண்டும். பள்ளம் வெட்டிப் புதைக்கும்போது தலைகீழ்: வயிறு மேலே, கிண்ணம் மாதிரி தண்ணீர் பிடிக்க. புதைத்த மட்டை ஐந்தாறு வருஷத்துக்கு ஈரம் காத்துக் கொடுக்கும். கவிழ்ந்த மட்டையை நிமிர்த்துவதும் நிமிர்ந்ததைக் கவிழ்ப்பதுமாக எங்கள் வீட்டில் ஒரு வாரம் போயிற்று. பிறகு இவர் சுற்றறிக்கை எழுதிப் பின்கதவில் ஒட்டினார், படத்துடன்.

இந்த நேரம் பார்த்துப் பெங்களூரில் இருந்து கொழுந்தனார் வந்தார். குளிர்ந்த ஊரில் இருந்து வருகிறவர்களுக்கு வேலூரைப் பார்த்ததும் எதையாவது வெட்டத் தோன்றுகிறது. "மா ரொம்ப அடர்த்தியா இருக்குண்ணா, கொஞ்சம் கழிச்சு விட்டா காத்து வரும்" என்று அரிவாளோடு ஏறி, தெற்குப் பக்கம் இரண்டு கிளையை இறக்கியும்விட்டார். அதுவரை இலை மறைவில் இருந்த பட்டை முதல்முறையாக வெயிலைப் பார்த்தது. அப்படிப் பார்த்த பட்டை வெந்து வெடிக்கும், வெடிப்பில் பூச்சி நுழையும். வெட்டுவதெல்லாம் அறுவடை முடிந்து வெயில் தணிந்த பிறகுதான். உரமும் அப்படியே. வாடுகிறதே என்று யூரியாவைப் போட்டால் மரம் அவசரமாகத் துளிர் விடும்; துளிருக்குத் தண்ணீர் வேண்டும்; தண்ணீர்தான் இல்லையே.

வெந்த பட்டைக்குச் சுண்ணாம்பு அடித்தோம். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். மிச்சமான சுண்ணாம்பை வீணாக்க மனசில்லாமல் இவர் கொய்யா, எலுமிச்சை இரண்டுக்கும் இடுப்பளவு அடித்துவிட்டார். எதிர்வீட்டு அக்கா மாடியில் இருந்து பார்த்துவிட்டு, "யாரு வராங்க, மந்திரியா?" என்று கேட்டார். மறுநாள் தெருவில் அது பாதி உண்மையாகியிருந்தது.

தண்ணீர்ப் பங்கீடு மட்டும் சண்டையில்லாமல் முடிந்தது. ஆர்.ஓ. மெஷின் கழிக்கும் தண்ணீர் உப்புக் கூடியது, உப்பைப் பொறுக்கும் தென்னைக்கு. காய்கறி, அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு. ஏசியில் சொட்டுகிற தண்ணீரில் உப்பே கிடையாது, நோஞ்சான் எலுமிச்சைக்கு அதுதான் என்று நான்தான் சொல்லிவைத்தேன். அதுவரை மின்கட்டணத்துக்குப் பயந்து ராத்திரி பத்து மணிக்கு முன்னால் ஏசியைத் தொடாதவர், இப்போது மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் போட்டுவிடுகிறார். கேட்டால், "எனக்கா போடறேன்? எலுமிச்சைக்கு."

கத்திரி கழிந்ததும் ஆண்டறிக்கை தயாரானது. மா: காற்றில் பிஞ்சு உதிர்வு, இயற்கைச் சேதம், தள்ளுபடி. எலுமிச்சை: செலவில் மின்கட்டணம் சேர்க்கப்படவில்லை. (இதை நான் சேர்க்கச் சொன்னேன்.) கொய்யா: கிளை ஒன்று தீக்கிரை, பொறுப்பாளர் வீட்டுப் பெரியவர், நடவடிக்கை இல்லை. வேம்பு: வரவும் இல்லை, செலவும் இல்லை, நிழல் உண்டு, மதிப்பிட இயலவில்லை.

முருங்கையில்தான் மாட்டிக்கொண்டார். அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, மூடாக்குப் போடவில்லை, சுண்ணாம்பு அடிக்கவில்லை. முருங்கைக்குக் கோடையில் தண்ணீர் காட்டக் காட்டத் தழைதான் பெருகும், பூ கொட்டும். அதைக் கண்டுகொள்ளாமல் விடுவதே பராமரிப்பு. அப்படி விட்டதற்குக் காய்த்துத் தள்ளிவிட்டது. தெரு முழுக்கக் கொடுத்தோம். செலவுப் பக்கம் வெறுமை, வரவுப் பக்கம் இடம் போதவில்லை. முப்பத்தைந்து வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு கணக்கு நேர்மையாக இருந்து இவர் பார்த்ததில்லை. "செலவினம் ஏதுமின்றி வரவு ஏற்பட்டது எவ்வாறு? பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்" என்று ஆட்சேபணைக் குறிப்பு எழுதி, மரத்தில் ஒட்டுவதற்குப் பசை கேட்டார். அத்தை அன்று சாம்பாருக்கு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்; தலையை நிமிர்த்தாமலே, "பசை இல்லை, சோத்துப் பருக்கை வேணும்னா எடுத்துக்கோ" என்றார்.