ஓகேவா சார்?

இன்ஜினியரிங் காலேஜில் புராஜெக்ட் கைடாக இருப்பவனுக்கு வாட்ஸ்அப்பில் அதிகம் வரும் கேள்வி, "ஓகேவா சார்?" ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஒரு பி.டி.எஃப். வந்து விழும். பின்னாலேயே இந்தக் கேள்வி வரும். விடிந்தால் ஜீரோத் ரிவ்யூ, அதாவது புரொபோசலை பேனல் முன்னால் வைக்கும் நாள். இதற்கு 'ஓகே' என்று சொல்லலாம். அல்லது தூங்கிவிட்டதாக நடிக்கலாம்.

இந்த வருஷம் ஒரு ஈ.இ.இ. டீம் சம்பிரதாயத்தை உடைத்தது. ரிவ்யூவுக்கு இன்னும் நாள் கிடக்க, என் அறை வாசலில் வந்து நின்றார்கள். "சார், புரொபோசலை முன்னாடியே உங்ககிட்ட காட்டி கரெக்‌ஷன் வாங்கிக்கலாம்னு..." எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று பையன்கள், ஒரு பெண். அந்தப் பெண்தான் டீம் லீடர். அதாவது வேலை முழுவதும் அவள் செய்தது.

வாங்கிப் பார்த்தேன். ஸ்பைரல் பைண்டிங், மேலே பளபளவென்று பிளாஸ்டிக் அட்டை. நன்றியுரையில் என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' வேறு. என் பி.எச்.டி. இன்னும் என் கைடின் மேஜையில் தூங்குகிறது. திருத்தம் கேட்க வருகிறவர்கள் பைண்டிங் போட்டுக்கொண்டு வருவது, பெண் பார்க்க வரும்போதே தாலியை எடுத்துக்கொண்டு வருவது மாதிரி.

தலைப்பு: காலேஜ் வளாகம் முழுவதற்கும் எனர்ஜி ஆடிட். எல்லா பிளாக்கும், ஹாஸ்டலும், மெஸ்ஸும், போர்வெல் மோட்டாரும் அடக்கம். காலம் மூன்று வாரம். கருவி: கரண்ட் அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டர், அதுவும் லேபில் கடன். முதல் சில பக்கங்களில் 2001ஆம் ஆண்டு எரிசக்தி சேமிப்புச் சட்டம், 2002 மார்ச் 1 அன்று எரிசக்தி திறன் பணியகம் (பி.இ.இ.) அமைக்கப்பட்டது, டிசம்பர் 14 எரிசக்தி சேமிப்பு தினம் என்று எல்லாம் இருந்தது. காலேஜ் மாசா மாசம் எவ்வளவு கரண்ட் பில் கட்டுகிறது என்பது மட்டும் இல்லை.

"பில்லைப் பார்த்தீங்களாப்பா?"

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் இருக்கிறது. அதைப் பார்க்க லெட்டர் வேண்டும், லெட்டருக்கு எச்.ஓ.டி. கையெழுத்து வேண்டும். பேனல் ரூம் சாவி எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் இருக்கிறது. அண்ணன் எங்கே இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. புரொபோசலில் எழுத வேண்டியது இதைத்தான் என்றேன். பில் ஏன் முக்கியமென்றால், காலேஜுக்கு இருக்கும் எச்.டி. (உயர் அழுத்த) கனெக்‌ஷனில் ஓடின யூனிட்டுக்கு ஒரு காசு, கே.வி.ஏ. கணக்கில் டிமாண்ட் சார்ஜ் தனிக் காசு. தமிழ்நாட்டில், கேட்டு வாங்கின டிமாண்டில் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலும் அந்த 90-க்குக் கட்டியே தீர வேண்டும். 12 மாச பில்லை வரிசையாக அடுக்கினாலே பாதி ஆடிட் முடிந்துவிடும். கிளாம்ப் மீட்டரைத் தொடவே வேண்டாம்.

அடுத்து ஃபேன் கணக்கு. ஹாஸ்டலின் 75 வாட் ஃபேனைக் கழற்றிவிட்டு 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினால், ஃபேனுக்கு வருஷம் 394 யூனிட் மிச்சம் என்று போட்டிருந்தார்கள். 24 மணி நேரம், 365 நாள். "பகல்ல கிளாஸ்ல இருக்கீங்க, லீவுக்கு ஊருக்குப் போறீங்க. ஓடுற நேரத்தைப் பாதியாக்குனா, போட்ட காசு திரும்ப வர்ற காலம் இரட்டிப்பாகும்" என்று சிவப்பு மையில் வட்டம் போட்டேன்.

அதுவரை வாயே திறக்காத பையன் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "சார், நாங்க கிளாஸுக்கு வந்தாலும் ஃபேன் ஓடும் சார்."

"ஏன்?"

"துணி காயணுமே சார்."

புரொபோசலிலேயே உருப்படியான வாக்கியம் அதுதான். புரொபோசலில் அதுதான் இல்லை. வளாகத்தை விட்டுவிட்டு ஒரு ஹாஸ்டல் பிளாக்கை மட்டும் எடுங்கள், ஆளில்லாத அறையில் ஃபேன் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பாருங்கள், மொட்டை மாடியில் கொடிக்கயிறு கட்டினால் என்ன மிச்சமாகும் என்று சொல்லுங்கள் என்றேன். லீடர் பெண்ணின் முகம் தொங்கிவிட்டது. "ரிவ்யூ பேனல்ல நாவல்ட்டி எங்கேன்னு கேப்பாங்களே சார். கயிற்றுல ஐ.ஓ.டி. சென்சார் வைக்கலாமா?"

அவள் பயத்தில் நியாயம் உண்டு. நூறு ரூபாய்க் கயிறு எந்த பேனலையும் திருப்திப்படுத்தியதாக எனக்கு நினைவில்லை. சென்சாரைக் கடைசி அத்தியாயத்தில் 'எதிர்காலப் பணி' என்று போட்டுக்கொள்ளச் சொன்னேன். மகிழ்ச்சியாகப் போனார்கள்.

என் சிவப்பு மைக்கு அன்று சாயங்காலமே கிளாஸ் குரூப்பில் மவுசு வந்துவிட்டது போலிருக்கிறது. ஜீரோத் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, மெஸ்ஸில் வாட்டர் ஆடிட் செய்யப்போகும் இன்னொரு டீமின் பி.டி.எஃப். வந்தது. 12 மாச இ.பி. பில் சேகரிக்கப்படும் என்று இருந்தது. பேனல் ரூம் சாவி இருந்தது. மெஸ் குழாயில் ஓடும் தண்ணீரை கிளாம்ப் மீட்டர் வைத்து அளப்போம் என்றும் இருந்தது. நான் தூங்கிவிட்டேன்.