இடுப்பில் ஒன்று, பெட்டகத்தில் ஒன்று

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்கும் வேலைக்கும் போய்வருகிறவர்கள் நடுவே தீராத வழக்கு ஒன்று நடக்கிறது. அன்றாடம் சுமக்கும் துப்பாக்கிக்கு அதே கம்பெனியில், அதே மாடலில், முடிந்தால் அதே நிறத்தில் இன்னொன்று வாங்கி வீட்டில் வைக்க வேண்டுமா, வேண்டாமா? கடவுள் உண்டா என்ற கேள்விக்கே நம் முன்னோர் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு கட்சி பிரித்து வாதாடித் தீர்த்துவிட்டார்கள். இந்தக் கேள்விக்கு அந்த மரியாதை இதுவரை கிடைத்ததில்லை. அக்குறையைப் போக்கவே இந்த ஆய்வு.

முதலில் எல்லை வகுத்துவிட வேண்டும். பியூ ஆய்வு மையம் 2017-இல் வெளியிட்ட கணக்குப்படி, துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கர்களில் 66 சதவீதம் பேரிடம் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. 29 சதவீதம் பேரிடம் ஐந்தோ அதற்கு மேலோ. இவர்களெல்லாம் இந்த ஆய்வுக்குள் வரமாட்டார்கள். மான் வேட்டைக்கு ஒன்று, வாத்துக்கு ஒன்று, தாத்தா விட்டுப்போனது ஒன்று என்று சேர்ந்துவிடுவது குடும்பச் சொத்து. இங்கே விசாரணை, அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் இரட்டைப் பிள்ளையைப் பற்றியது.

ஆய்வுப்பொருளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஆஸ்திரியாவின் கிளாக் கம்பெனி 1988-இல் கொண்டுவந்த கிளாக் 19 என்று வைத்துக்கொள்ளலாம். தோட்டா போடாமல் அறுநூறு கிராம் சொச்சம் எடை. மேகசினில் பதினைந்து தோட்டா. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அந்த மாடலின் மேலேயே அழுத்தி வார்த்த உறை ஒன்றில் அது குடியிருக்கும். காலையில் பேன்ட் போடும்போதே உறையும் ஏறிவிடும். அப்புறம் சாவி, பர்ஸ், போன். இரண்டு வருடம் இப்படிப் போனபின் துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்தால், உறையில் உரசிய ஓரங்கள் மட்டும் கறுப்பு போய்ப் பளபளக்கும்; உள்ளே சட்டைப் பஞ்சும் வியர்வை உப்பும் ஒட்டியிருக்கும். சுட்டுத் தேய்ந்தது அநேகமாக ஒன்றும் இருக்காது. தேய்ந்ததெல்லாம் சட்டையின் உள்பக்கமும் இடுப்பு பெல்டும்தான்.

இனி வரலாறு. ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்வது நேற்று முளைத்த யோசனை அல்ல. பிளாக்பியர்டு என்ற கடற்கொள்ளையன் தோளில் பட்டை கட்டி அதில் மூன்று ஜோடி, ஆக ஆறு பிஸ்டல் தொங்கவிட்டிருந்தான் என்று 1724-இல் வெளிவந்த கொள்ளையர் வரலாறு சொல்கிறது. அது வீம்பு மட்டுமல்ல. அந்தக் காலத்துச் சக்கிமுக்கிப் பிஸ்டல் ஒரு முறைதான் சுடும். கடல்காற்றில் மருந்து நமத்துப்போனால் அதுவும் சுடாது. ஆறு இருந்தால் இரண்டு மூன்றாவது வெடிக்கும் என்பது கணக்கு. 1718 நவம்பரில் ஓக்ரகோக் தீவுக்கருகே அவனை மடக்கியபோது அந்த ஆறும் அவனைக் காப்பாற்றவில்லை.

வட கரோலினாக் கடலை விட்டு வாஷிங்டனுக்கு வந்தால் இன்னும் நல்ல சான்று கிடைக்கிறது. 1835 ஜனவரி 30. நாடாளுமன்றக் கட்டடத்தில் ஓர் உறுப்பினரின் இறுதிச் சடங்கு முடிந்து ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் வெளியே வருகிறார். ரிச்சர்ட் லாரன்ஸ் என்ற வேலையற்ற பெயின்டர் எதிரே வந்து பிஸ்டலை நீட்டி விசையை இழுக்கிறான். கேப் வெடிக்கிறது, மருந்து பற்றவில்லை. கையிலே தயாராக மாற்றுப் பிஸ்டல் இருக்கிறது. அதை எடுத்து இழுக்கிறான். அதுவும் அப்படியே. அறுபத்தேழு வயது ஜாக்சன் கைத்தடியை ஓங்கிக்கொண்டு அவன் மேல் பாய்கிறார். கூட்டத்தில் இருந்த டேவி கிராக்கெட்டும் மற்றவர்களும் சேர்ந்துதான் ஆளை மடக்கினார்கள். பிறகு சோதித்தபோது இரண்டு பிஸ்டலும் ஒழுங்காகச் சுட்டன. இரண்டும் ஒருசேரப் பொய்க்க 1,25,000-இல் ஒரு வாய்ப்புதான் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு.

அந்தக் கணக்கை இந்த ஆய்வு ஏற்கவில்லை. இரண்டு பிஸ்டலுக்கும் மருந்து கெட்டித்தது ஒரே கை. இரண்டும் கிடந்தது ஒரே ஈரக்காற்றில். ஒன்றைக் கெடுத்த காரணம் மற்றதையும் கெடுக்கும் என்பதில் அதிசயம் என்ன இருக்கிறது? இந்தக் குறிப்பை வாசகர் முடிந்து வைத்துக்கொள்ளட்டும். பின்னால் வேலைக்கு ஆகும்.

ஜோடிப் பிஸ்டல் என்றதும் டூயல் எனப்படும் இருவர் துப்பாக்கிச் சண்டைக்கான பெட்டியை நினைப்பவர்கள் உண்டு. 1804 ஜூலை 11-இல் ஆரோன் பர், அலெக்சாண்டர் ஹாமில்டனைச் சுட்டது அப்படி ஒரு ஜோடியில் ஒன்றால்தான். லண்டன் தயாரிப்பான அந்த ஜோடி ஹாமில்டனின் சகலையுடையது. 1930-இல் அதை விலைக்கு வாங்கியது மன்ஹாட்டன் கம்பெனி வங்கி; அந்தக் கம்பெனியைத் தொடங்கியதே பர்தான் என்பது தனிக்கதை. ஆனால் நம் வழக்குக்கு அந்தப் பெட்டி சாட்சி ஆகாது. ஒன்று பழுதானால் மற்றது என்று செய்த ஜோடி அல்ல அது. ஒன்று தனக்கு, மற்றது எதிராளிக்கு. எதிரிக்காகக் காசு போட்டு ஸ்டெப்னி வாங்கிய ஒரே தொழில் அதுவாகத்தான் இருக்கும்.

வைல்டு பில் ஹிக்காக்கிடமும் தந்தப் பிடி போட்ட ஒரு ஜோடி கோல்ட் ரிவால்வர் இருந்தது. 1876 ஆகஸ்ட் 2-ஆம் தேதி டெட்வுட் ஊர்ச் சாராயக்கடையில் சீட்டாடிக்கொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து சுட்டார்கள். ஜோடியில் ஒன்றைக்கூடத் தொட நேரமில்லை.

இங்கே ஒரு பகுப்பு அவசியமாகிறது. மேலே சொன்ன கொள்ளையன், பெயின்டர், ஹிக்காக் எல்லாரும் இரண்டாவதை உடம்பிலேயே சுமந்தவர்கள். இந்த வகைக்கு நல்ல சான்றுகள் உண்டு. நியூயார்க் போலீஸ் 1968-இல் அமைத்த பதுங்கற்படையில் கொள்ளையர் வரும் கடைகளுக்குள் ஒளிந்திருந்த ஜிம் சிரிலோ போன்றவர்கள், ரிவால்வர் காலியானால் தோட்டா நிரப்பிக்கொண்டிருக்காமல் அடுத்த ரிவால்வரை உருவினார்கள். அதற்கே ‘நியூயார்க் ரீலோட்’ என்று பெயர் விழுந்தது. 1986 ஏப்ரல் 11-இல் மயாமியில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இருவர் உயிரிழந்த சண்டையில், கார்கள் மோதிய வேகத்தில் அவர்களில் ஒருவரான ஜான் ஹான்லன் தன் ரிவால்வரைத் தவறவிட்டார். மாற்றாக வைத்திருந்த சின்ன ரிவால்வரை வைத்துத்தான் அவர் போராடினார். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவர்கள் மாற்று அவர்களோடு இருந்தது. நம் வழக்கின் மாற்று வீட்டுப் பெட்டகத்தில், துணிமணிக்குப் பின்னால், இருட்டில் இருக்கிறது. நடுத்தெருவில் துப்பாக்கி மக்கர் செய்தால், ‘கொஞ்சம் பொறு, வீட்டுக்குப் போய் வருகிறேன்’ என்று எதிராளியிடம் சொல்ல முடியுமா?

அப்படியானால் பெட்டகத்து நகல் எதற்கு என்று கேட்டால், நகல் கட்சியார் ஒரு பெரிய வாதத்தைத் தூக்கிப் போடுவார்கள். ஒருவர் தற்காப்புக்காகச் சுட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நியாயம் முழுக்க அவர் பக்கமே இருந்தாலும், போலீஸ் முதலில் செய்வது துப்பாக்கியைப் பையில் போட்டு முத்திரை வைப்பதுதான். அது லேபுக்குப் போகும், அரசு வக்கீல் மேஜைக்குப் போகும், வழக்கென்றால் கோர்ட்டுக்கும் போகும். திரும்பி வர மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். சுடப்பட்டவனின் அண்ணன் தம்பிகள் வெளியே இருக்க, அவர் வெறும் இடுப்போடு வீடு திரும்புவதா?

வாதம் கனமானதுதான். ஆனால் அந்த நாள் எத்தனை பேருக்கு வரும்? எட்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவான போலீஸ்காரர்களிடம் பியூ மையம் விசாரித்து 2017-இல் வெளியிட்ட முடிவு ஒன்று இருக்கிறது. பயிற்சிக்கு வெளியே, பணியில் ஒரு முறையாவது துப்பாக்கியைச் சுட்டவர்கள் அவர்களில் 27 சதவீதம். மற்றவர்கள் அந்த நாள்வரை ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. ஆபத்தைத் தேடிப் போவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் நிலை இது. மளிகைக் கடைக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் போய்வருகிற கணக்கருக்கு அந்த நாள் வருவது எவ்வளவு அபூர்வம் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வாதம், ரிப்பேர். ஸ்பிரிங் மாற்ற, சைட் மாற்ற, கம்பெனிக்கு அனுப்ப. 2017 ஆகஸ்டில் சிக் சாவர் கம்பெனியின் பி320 பிஸ்டல் சில கோணங்களில் கீழே விழுந்தால் தானாகச் சுடக்கூடும் என்று தெரிந்தது. இலவசமாகத் திருத்தித் தருகிறோம், அனுப்பி வையுங்கள் என்றது கம்பெனி. அனுப்பிவிட்டுக் காத்திருந்த நாளெல்லாம் இடுப்பில் எதைச் செருகுவது? நகலைத்தான் என்று கட்சியார் துள்ளி எழுவார்கள். உட்காரச் சொல்ல வேண்டியிருக்கிறது. நகல் என்றால் அதுவும் பி320தானே? ஒன்று விழுந்தால் சுடும் என்றால் மற்றதும் விழுந்தால் சுடும். இரண்டையும் சேர்த்தே பார்சல் கட்ட வேண்டும். முடிந்து வைக்கச் சொன்ன பெயின்டர் கதையை இங்கே அவிழ்த்துக்கொள்ளலாம். ஒரே அச்சில் பிறந்தவற்றுக்கு நோயும் ஒன்றே.

அப்படியானால் வேறு மாடலை வாங்குவதே புத்தி அல்லவா? அங்கேதான் சிக்கல். கிளாக்குக்கு வெளியே கட்டைவிரலால் தள்ளும் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. பழைய 1911 வகைக்கு உண்டு. பத்து வருடம் ஒன்றில் பழகிய கை, பதற்றத்தில் மற்றதைப் பூட்டோடேயே நீட்டும். உறை சேராது, மேகசின் சேராது, விசை இழுக்கும் பதம் வேறு. ஆக, ஒன்றே போலிருந்தால் நோய் ஒன்று; வேறாக இருந்தால் கை வேறு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் அமெரிக்காவில் கிடைக்காது.

மூன்றாவதாகச் சொல்லப்படும் பயிற்சி வாதம் மிக நுட்பமானது. ஒன்றைச் சுட்டுப் பழகித் தேய்க்க வேண்டும், மற்றதைப் புத்தம்புதிதாகச் சுமக்க வேண்டும் என்பது அதன் சாரம். சிக்கனமான யோசனைதான். ஆனால் ஆயிரக்கணக்கில் சுட்டு நம்பகம் நிரூபித்தது பயிற்சித் துப்பாக்கி. உயிரை ஒப்படைப்பதோ கன்னி கழியாத மற்றதை. இது உறைக்கும் நாளில் உடையவர் இரண்டையும் இடம் மாற்றுவார். அன்றிலிருந்து நகல் மூலமாகிவிடும், மூலம் நகலாகிவிடும். சீரியல் நம்பரைக் குறித்து வைக்காதவர்களுக்கு எது எதுவென்ற பேதமும் போய்விடும். அத்வைதம் பேசுகிறவர்கள் இந்த நிலையை வரவேற்கலாம்.

அரசாங்கமோ துவைதம் பேசுகிறது. ஐந்து வேலை நாளுக்குள் ஒரே ஆளுக்கு இரண்டு கைத்துப்பாக்கி விற்றால், லைசென்ஸ் பெற்ற கடைக்காரர் 3310.4 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்பி மத்திய ஏஜென்சிக்கு அனுப்ப வேண்டும். ஜோடியாக வாங்குகிறவன் கடத்தல்காரனாக இருக்கலாம் என்ற சந்தேகம்தான் காரணம். வர்ஜீனியா மாநிலம் 1993-இல் மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் என்று சட்டம் போட்டது, 2012-இல் எடுத்தது, 2020-இல் திரும்பப் போட்டது. இரட்டைப் பிள்ளை விஷயத்தில் அந்தச் சட்டசபைக்கே மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை.

நகல் கட்சிக்கு எதிரான கடைசி ஆட்சேபம் தர்க்க நூலோர் அனவத்தை என்று பெயரிட்ட குற்றம். அதாவது முடிவே இல்லாமல் நீளும் வாதம். ஒன்று மட்டும் இருப்பது ஆபத்து, ஆகவே இரண்டு வேண்டும் என்பது கொள்கை. சரி, ஒன்று கோர்ட்டில் இருக்கிறது. இப்போது கையில் எத்தனை? ஒன்று. ஒன்று மட்டும் இருப்பது ஆபத்து என்றுதானே ஆரம்பித்தோம்? ஆகவே மூன்றாவது. மூன்றில் ஒன்று கோர்ட்டிலும் ஒன்று ரிப்பேரிலும் இருந்தால் நாலாவது. அமெரிக்கக் குடிமக்களிடம் 39 கோடிக்கு மேல் துப்பாக்கி இருக்கிறது, அது மக்கள்தொகையையே தாண்டுகிறது என்று ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே நிறுவனம் 2018-இல் மதிப்பிட்டது. பல பேர் இந்தத் தர்க்கத்தைத் தைரியமாக இறுதிவரை பின்பற்றியிருக்கிறார்கள் போலும்.

செலவையும் பார்த்துவிடலாம். ஒரு கிளாக் 19 ஐநூறு, அறுநூறு டாலர். அந்தக் காசுக்கு ஒன்பது மில்லிமீட்டர் பயிற்சித் தோட்டா ஏறக்குறைய இரண்டாயிரம் வரும். பெட்டகத்தில் நகல் இருப்பவரையும், முதல் துப்பாக்கியிலேயே இரண்டாயிரம் முறை சுட்டுப் பழகியவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், குறி யாருக்குக் கூடிவரும் என்பதற்குத் தனி ஆராய்ச்சி தேவையில்லை. தவிர, முதலாவது பகல் முழுக்க உடையவர் இடுப்பில், அவர் கண்காணிப்பில் இருக்கிறது. இரண்டாவதோ ஆளில்லா வீட்டில் குழந்தைகளையும் திருடனையும் எதிர்பார்த்துத் தனியாகக் கிடக்கிறது. அதற்கு நல்ல பெட்டகம் வேண்டும், அதற்கும் காசு.

சித்தாந்தம் வருமாறு. வாடிக்கையாகப் பழுதாகும் பொருள்களைப் பட்டியலிட்டால் கிளாக் 19 கடைசி இடத்துக்குப் பக்கத்தில் வரும். முன்னால் நிற்பவை உறையைப் பெல்டோடு பிடித்திருக்கும் இரண்டு சின்ன ஸ்குரு, வருடக்கணக்கில் மாற்றாத ஸ்பிரிங், துப்பாக்கியின் மேலே செம்புள்ளி சைட் பொருத்தியிருந்தால் அதற்குள் இருக்கும் பட்டன் பேட்டரி. இவை எதற்கும் படிவம் நிரப்ப வேண்டாம், ஒரு மாதம் காத்திருக்கவும் வேண்டாம். நகல் கட்சியார் மனம் கோணக் கூடாது என்பதற்காகச் சொல்லி வைப்போம்: பேட்டரி பெரும்பாலும் அட்டைக்கு இரண்டாகத்தான் கிடைக்கும்.