கிளையில் இல்லாத குருவி: ஓர் ஆய்வு

ஒரே மரத்தடிக்கு வாராவாரம் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவதை வீட்டில் சோம்பேறித்தனம் என்பார்கள். அது களப்பணி என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் சிக்கல், 'ஒரே இடம்' என்றால் எது? திருப்பதி மலையடிவாரத்தில் 150 வயதுப் புளியமரம் ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். 1911 வரை அது வடஆற்காடு மாவட்டத்து மரம். பிறகு சித்தூர் மாவட்டத்து மரம். 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டத்து மரம். இதற்கிடையே சென்னை மாகாணம், 1953-ல் ஆந்திர மாநிலம், 1956-ல் ஆந்திரப் பிரதேசம். வேர் ஓரங்குலம் நகராமலே இத்தனை இடமாற்றம்! ஆகவே இடம் எது என்பதை வருவாய்த் துறையிடம் கேட்பதில்லை, மரத்தையே நம்புவது என்று இவ்வாய்வு முடிவு செய்கிறது.

முன்னோடிகள் உண்டு. இங்கிலாந்தில் கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் செல்போர்ன் என்னும் தன் கிராமத்தையே சுற்றிச் சுற்றி வந்து எழுதிய கடிதங்கள் 1789-ல் புத்தகமாயின. இந்தப் பக்கம் பார்த்தால், மதனப்பள்ளி அருகே ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷிவேலிப் பள்ளி. அந்தப் பள்ளத்தாக்கு 1991-ல் பறவைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. எஸ். ரங்கசாமியும் எஸ். ஸ்ரீதரும் அங்குள்ள பறவைகளைப் பற்றி எழுதிய நூல் 1993-ல் வந்தது. அங்கே பாறைக்குன்றுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான் இருக்கிறது. தென்னிந்தியா தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. ஒருநாள் வந்து போகிறவருக்கு அதுவும் இன்னொரு கொண்டைக்குருவிதான்.

இனி ஆய்வின் மையப்பொருள்: இல்லாததைப் பார்ப்பது எப்படி?

இதற்குத் தொலைநோக்கியைவிடத் தர்க்கம் உதவும். திருப்பதியின் தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்தில் இன்றும் கற்பிக்கப்படும் நியாயம், மீமாம்சை என்னும் தத்துவ மரபுகள் 'தரையில் குடம் இல்லை' என்பது நமக்கு எப்படித் தெரிகிறது என்று பல நூற்றாண்டுகள் சண்டை போட்டிருக்கின்றன. மீமாம்சையில் குமாரிலபட்டர் வழியினர் காணாமையையே தனிப் பிரமாணமாக்கி, அதாவது அறியும் வழியாக்கி, அனுபலப்தி என்றார்கள். நியாய மரபின் நையாயிகர்களோ, எதற்குத் தனிப் பிரமாணம், கண்ணே போதும் என்றார்கள். ஒன்றில் மட்டும் சமரசம்: இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்கும் என்ற நிலையில்தான் காணாமை செல்லும். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பது எதற்கும் சாட்சியாகாது.

முதல்முறை வருபவர் பட்டப்பகலிலும் இருட்டறையில்தான் நிற்கிறார். ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை முதுகு, கண் வழியே கறுப்புப் பட்டை, வயிற்றடியில் சிவப்பு, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு வால். இத்தனை வண்ணம் இருந்தும், சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது சருகுதான் தெரியும். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீழ்க்கை அடித்தால் உண்டு. இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்காலம் முடிந்துதான் தெற்கே வரும். ஆகவே ஜூலையில் அது இல்லை என்பது செய்தியே அல்ல. டிசம்பரில் இல்லை என்றால் செய்தி. போன டிசம்பரில் அதே மரத்தடியில் அதன் குரலைக் கேட்டவர்தான் இந்தச் செய்தியைச் சொல்ல முடியும்.

மரங்களைத் தொடர்ந்து கவனிக்கும் சீசன்வாட்ச் திட்டத்தில் இந்தத் தர்க்கம் படிவமாகவே இருக்கிறது. வாரம் ஒருமுறை அதே மரம். தளிர், பூ, காய் ஒவ்வொன்றுக்கும் 'இல்லை', 'கொஞ்சம்', 'நிறைய'. 'இல்லை' என்று எழுதுவதும் வேலைதான் என்று ஏற்றுக்கொள்ளும் படிவம் நாட்டில் வேறு எத்தனை இருக்கும்!

களத்தில் சில இடையூறுகள். திருப்பதியில் அசையாமல் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் அவ்வழியே போகிறவர் "தர்சனம் அயிந்தா?" என்று அன்போடு கேட்பார். "இன்னும் கிடைக்கவில்லை" என்று பதில் சொன்னால் இலவச வரிசைக்கு வழி காட்டுவாரே தவிர, குருவியைப் பற்றி எவரும் நினைக்க மாட்டார்.

இன்னொன்று புளி உலுக்கும் பருவம். போன வாரம் 'நிறைய' என்று குறித்த மரத்தடியில் இந்த வாரம் தார்ப்பாய் விரித்திருக்கிறது. கிளைமேல் ஒருவர் நின்று உலுக்க, கீழே நாலுபேர் பொறுக்குகிறார்கள். மாலைக்குள் காய் 'இல்லை'. காரணம் பருவநிலையா, அணிலா, கிளியா? மரத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. மூட்டை கட்டிக்கொண்டிருப்பவரிடம் எத்தனை கிலோ தேறியது என்று கேட்டுக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். அவரும் உண்மையான எடையைச் சொல்வாரா என்பது சந்தேகமே.