நிற்பதற்கு ஆகும் செலவு

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் நான் கணக்கெழுத உட்கார்ந்தது 1980களின் தொடக்கத்தில். அன்று முதலாளியிடம் இருந்தது ஓர் அம்பாசிடர். இன்று அவருடைய பேரனிடம் இருப்பது ஐந்நூறு குதிரைசக்திக்கு மேல் இழுக்கும் ஒரு ஜெர்மன் கார். இரண்டுக்கும் பிரேக் வேலை பார்த்த செலவு என் கை வழியாகத்தான் கணக்கில் ஏறியது. அம்பாசிடருக்கு நாலு சக்கரத்துக்கும் லைனிங் கட்டி, டிரம் கடைந்து, பிரேக் ஆயில் ஊற்றி, கூலியும் கொடுத்தால் இருநூறு ரூபாயைத் தாண்டாது. ஜெர்மன் காருக்கு வந்த எஸ்டிமேட் ஐந்தரை லட்சம்.

இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, காலம் கெட்டுப்போச்சு என்று சொல்லிப் போவது சுலபம். நான் சொல்ல வந்தது அதுவல்ல. அந்த ஐந்தரை லட்சம் நியாயமான செலவு. அதைக் கொடுக்க மனசு வராதவர் அந்தக் காரை ரோட்டில் எடுக்கக் கூடாது.

அன்றைய வேலை கண்ணெதிரே நடந்தது. மேஸ்திரியின் தகரக் கொட்டகை பெரிய ரோட்டை ஒட்டிப் புளியமரத்தடியில் இருந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுற்றிலும் தட்டித் தட்டி இழுப்பார். உள்ளே பிறை வடிவத்தில் இரண்டு ஷூ. தேய்ந்த லைனிங்கின் ரிவெட்டுகளைத் துளை போட்டு எடுத்துவிட்டு, புது லைனிங்கை வைத்து, நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்கு அடித்துக்கொண்டே போவார். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் தூக்கிக்கொள்ளும் என்பார். முனைகள் இரண்டையும் அரத்தால் சரிவாகத் தேய்ப்பார். தேய்க்காவிட்டால் பிரேக் கத்தும். டிரம்மின் உள்பக்கம் வரி விழுந்திருந்தால் அது லேத்துக்குப் போகும். கடைசியில் ஏர் எடுக்கிற வேலை. உதவிக்கு இருக்கும் பையன் டிரைவர் சீட்டில் உட்கார, மேஸ்திரி சக்கரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு, "மிதி, மிதி, மிதிச்சுப் பிடிச்சிக்கோ" என்று குரல் கொடுத்து நிப்பிளைத் திறப்பார். ரப்பர் குழாய் வழியாகக் கண்ணாடி பாட்டிலுக்குள் ஆயில் குமிழ் குமிழாக வரும். குமிழ் அடங்கும்வரை எழுந்திருக்க மாட்டார்.

அந்தக் காலத்து லைனிங் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது. டிரம்முக்குள் படிந்திருக்கும் சாம்பல் நிறத் தூளை அவர் வாயால் ஊதித் தள்ளுவார், பையன் பழைய பனியன் துணியால் துடைப்பான். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இருநூறு ரூபாய் என்று நான் எழுதிய செலவு முழுச் செலவு அல்ல. ஒரு பங்கை அவர்கள் இருவரும் தங்கள் நெஞ்சில் வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு எவ்வளவு மலிவு என்று யாராவது என்னிடம் சொன்னால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தூள்தான்.

அன்றைக்கும் பிரேக் பாகங்களுக்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. 1962இல் டி.வி.எஸ். குழுமம் இங்கிலாந்தின் கெர்லிங் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கிவிட்டது. 1964இல் ரானே பிரேக் லைனிங் வந்தது. இன்றைக்கும் நம் தோல் வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே, ராணிப்பேட்டை மாவட்டத்துச் சோளிங்கரில், பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலை இருக்கிறது. பிரேக் என்பது எங்கோ கடல் கடந்து நடக்கிற வித்தை என்று நாம் நினைக்கத் தேவையில்லை. இரும்பு உருக்கி வார்க்கிற வேலை, பட்டறை வேலை. பாலாற்றங்கரையில் டேனரி ஓட்டியவர்களுக்குப் புரியாதது அதில் ஒன்றுமில்லை.

தோலுக்கும் பிரேக்குக்கும் பழைய உறவும் உண்டு. மோட்டார் கார் வந்த புதிதில் கிளட்சுக்கும் பிரேக் பட்டைக்கும் தோலையே வைத்தார்கள். 1897இல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் தொடங்கியதுதான் ஃபெரோடோ. மலைச்சரிவில் குதிரை வண்டிக்காரர்கள் பழைய பூட்சைச் சக்கரக் கட்டையில் அடித்து வண்டியை நிறுத்துவதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது என்று அந்தக் கம்பெனியின் கதையில் சொல்வார்கள். தோல் கருகும், எண்ணெய் பட்டால் வழுக்கும். வண்டி வேகம் கூடக் கூட அதைவிட வெப்பம் தாங்கும் பொருளைத் தேட வேண்டியதாயிற்று. பிரேக்கின் வரலாறு முழுக்க இந்தத் தேடல்தான்.

எனக்கு இது ஏலகிரியில் புரிந்தது. மலையேற பதினான்கு கொண்டை ஊசி வளைவு. வெளிநாட்டிலிருந்து தோல் வாங்க வந்தவர்களை முதலாளி அங்கே அழைத்துப் போவார், நானும் கூடப் போவேன். இறங்கும்போது டிரைவர் இரண்டாம் கியரைவிட்டு மாறவே மாட்டார். "ஏறின கியர்லதான் இறங்கணும் சார். பிரேக்கையே மிதிச்சிட்டு வந்தா கீழ வர்றதுக்குள்ள அது செத்துடும்" என்பார். ஒருமுறை எதிரே பஸ் வந்து அடிக்கடி மிதிக்க வேண்டியதாகிவிட்டது. கடைசி வளைவுக்குள் பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி பிடிக்கவில்லை. கைப்பிரேக்கையும் இழுத்து, மண்மேட்டில் ஒதுக்கி நிறுத்தினார். டிரம்மிலிருந்து கருகிய நாற்றம் வந்தது. தண்ணீர் ஊற்றப் போன என்னைத் தடுத்துவிட்டார், சூட்டில் டிரம் வெடித்துவிடும் என்று. அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். வெளிநாட்டுக்காரர் பொறுமையாக சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிரேக் வண்டியின் ஓட்டத்தை வெப்பமாக மாற்றுகிறது, அவ்வளவுதான். வேகம் இரண்டு மடங்கானால் வெப்பம் நாலு மடங்காகும். ஆள் ஏறிய அம்பாசிடர் அறுபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது கிளம்பும் சூட்டில் முக்கால் லிட்டர் தண்ணீர்கூடக் கொதிக்காது. இரண்டு டன் எடையுள்ள கார் நூறிலிருந்து நின்றால் இரண்டரை லிட்டர் கொதிக்கும். இருநூறிலிருந்து நின்றால் பத்து லிட்டர். அந்தப் பத்து லிட்டர் சூடும் சில நொடிகளில், நாலு இரும்புத் தட்டுகளில் இறங்க வேண்டும். இறங்கின பிறகு அடுத்த தடவைக்கு அவை தயாராக இருக்க வேண்டும்.

ஐந்தரை லட்சம் இந்த இடத்தில்தான் போகிறது. முன் டிஸ்க் இரண்டுக்கு 1,86,000. பின் டிஸ்க் இரண்டுக்கு 1,32,000. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் முன்னும் பின்னும் சேர்த்து 1,10,000. தேய்மானம் காட்டும் சென்சார், ஆயில், கூலி எல்லாம் நாற்பதாயிரத்துக்குள். இதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் வரை பாகங்களுக்கு அது 28ஆக இருந்தது. டிஸ்க்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிது. வெளிவட்டம் இரும்பு, நடுப்பகுதி அலுமினியம், இரண்டையும் இணைக்கும் பின்கள். சூட்டில் இரும்பு விரியும்போது கோணாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். இரண்டு முகத்துக்கும் நடுவே காற்றுப் போக வளைந்த பள்ளங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்ற முடியாது. இடதும் வலதும் ஒன்றுபோல் பிடிக்காவிட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும்.

இதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. போர்ஷே 2001இல் 911 ஜிடி2 காரோடு கார்பன் செராமிக் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. போர்ஷேயில் பேட்டைத் தாங்கும் காலிப்பர் மஞ்சள் நிறத்தில் இருந்தால் அது என்று தெரிந்துகொள்ளலாம். கார்பன் இழையால் ஆன தட்டுக்குள் சுமார் 1,700 டிகிரியில் சிலிக்கானை ஊற வைக்கிறார்கள். எடை இரும்பில் பாதி. விலை இரும்பு டிஸ்க்கின் பல மடங்கு.

காரின் விலையோடு வைத்துப் பார்க்கலாம். அன்றைய அம்பாசிடர் எழுபதாயிரம் சொச்சம். இருநூறு என்பது அதில் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இன்றைய கார் ரோட்டுக்கு வரும்போது ஒரு கோடியே எழுபது லட்சம். ஐந்தரை லட்சம் என்றால் நூற்றுக்கு மூன்றுக்கு மேல். விகிதத்திலும் பத்து மடங்கு கூடியிருக்கிறது. ஷூ கம்பெனித் தையல் பிரிவில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் மூன்று வருஷச் சம்பளம் அதில் அடங்கும். இதை எழுதும்போது எனக்கு உறுத்துகிறது. ஆனால் அந்த உறுத்தலுக்குக் காரணம் கார்தான், பிரேக் அல்ல.

பேரன் நல்ல பிள்ளை. தொழில் தெரிந்தவர். 1973க்குப் பிறகு பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்து, ஊர் மெல்ல மெல்லப் பதனிட்ட தோலுக்கும் ஷூவுக்கும் மாறியபோது தாத்தா போட்ட அடித்தளத்தை இவர் பெரிதாக்கியிருக்கிறார். எஸ்டிமேட்டைப் பார்த்ததும் அவருக்கும் திக்கென்றது.

"அங்கிள், பேட் மட்டும் போட்டுட்டா முடிஞ்சிடும்ல? டிஸ்க் பார்க்க நல்லாதானே இருக்கு. இல்லன்னா புதுப்பேட்டைல செகண்ட்ஹேண்ட் கிடைக்குமான்னு கேக்கலாம்."

"அளந்த கணக்கப் பாத்தீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

டிஸ்க்கின் விளிம்பிலேயே குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். புதிதில் 36 மில்லிமீட்டர். 34.4க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். எங்கள் கார் டிஸ்க் 34.1க்கு வந்துவிட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத தேய்மானம். ஆனால் கனம் குறைந்த தட்டு சூட்டைக் குறைவாகத்தான் வாங்கும், விரைவில் கோணும், விரிசல் விடும். பேட் மட்டும் புதிதாகப் போட்டால் நிறுத்தும்போதெல்லாம் அந்தத் தட்டையே நம்ப வேண்டும். ஆயிலும் மூன்று வருஷமாக மாற்றப்படவில்லை. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 155லேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி. பெடல் நேரே தரைக்குப் போகும். ஏலகிரியில் எங்களுக்காவது மண்மேடு இருந்தது.

பேரன் அடிக்கடி பெங்களூர் போகிற ரோடு எது என்று நமக்குத் தெரியும். சென்னை – பெங்களூர் தேசிய நெடுஞ்சாலை வாலாஜா, வேலூர், பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூர் ஊருக்குள்ளேயே நுழைந்து, வாணியம்பாடி வழியாகப் போகிறது. சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் ஷூ கம்பெனிப் பெண்கள் கழுத்தில் அடையாள அட்டையோடும் கையில் டிபன் பையோடும் கூட்டமாக ரோட்டோரம் நிற்பார்கள். வேன் எதிர்ப்பக்கம் வந்து நின்றால் குறுக்கே ஓடுவார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் டிரைவர் அவர்களைப் பார்த்துப் பெடலில் கால் வைக்க ஒரு விநாடி ஆனாலே கார் இருபத்தெட்டு மீட்டர் வந்துவிடும். பிரேக்கின் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அந்தக் காரின் பிரேக்கை நம்பியிருப்பது காருக்குள் இருப்பவர் மட்டுமல்ல. ரோட்டைக் கடக்கிற அந்தப் பெண்ணும் அதை நம்பித்தான் காலெடுத்து வைக்கிறாள். அவளுக்கு எஸ்டிமேட்டை யாரும் காட்டுவதில்லை.

செலவைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று இந்த வட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கழிவுநீர் சுத்திகரிப்புக்குப் பணம் போட்டால் தொழில் படுத்துவிடும் என்று டேனரிகள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தன. அந்தக் கழிவுநீர் பாலாற்றில் போய்க்கொண்டே இருந்தது. கிணறுகள் உப்பேறின, நிலம் வெளுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவைக் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. 2025 ஜனவரி 30 அன்று இதே வேலூர் டேனரி விவகாரத்தில் அதே நீதிமன்றம் மறுபடியும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரச் சொல்ல வேண்டியிருந்தது. இருபத்தெட்டு வருஷம் கழிந்தும் கணக்கு தீரவில்லை. முதலாளிகள் கட்டாமல் விட்ட தொகையைக் கிணற்றுக்காரர்கள் கட்டினார்கள். மேஸ்திரி நெஞ்சில் வாங்கிய தூளும் இதே கணக்கில் சேர்ந்ததுதான்.

பேரனிடம் இதைத்தான் சொன்னேன். தாத்தா காலத்துப் பாக்கி இன்னும் நம் தலைமேல் இருக்கிறது, புதிதாக ஒன்று வேண்டாம் தம்பி என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு முழு செட்டையும் மாற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வேலை முடிந்து வந்த பில்லோடு நாலு டிஸ்க்கின் அளவும் எழுதிய தாளை வாங்கி கோப்பில் வைத்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட கார் வாங்க நினைக்கிறவர்கள் ஷோரூமில் முதலில் கேட்க வேண்டியது பிரேக் முழு செட் எவ்வளவு என்பதைத்தான். அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் பிறகு முன்பணம் கட்டுங்கள். பழைய கார் வாங்கினால் டிஸ்க் கனத்தை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள், அளக்க மறுத்தால் வாங்காதீர்கள். ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எல்லாவற்றிலும் மலிவான வேலை அதுதான். பேட் மட்டும் போதும் என்று யார் சொன்னாலும் விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். இவ்வளவுக்கும் வசதிப்படாது என்றால் நூறு குதிரைசக்திக்குள் நல்ல கார்கள் நிறைய இருக்கின்றன. அவையும் பெங்களூருக்குப் போகும்.