தூக்கத்துக்கு மிட்டாய்

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த மகன் மெலடோனின் கம்மி மிட்டாய் ஒரு டப்பா கொடுத்தான். 10 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. தினமும் ராத்திரி ஒன்று சாப்பிடலாமா? (ஒரு வாசகி, மயிலாப்பூர்)

பதில்: டப்பா மேல் போட்டிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதான் என்று நம்பிவிட்டீர்களே, அம்மா! 2023-இல் அமெரிக்காவில் 25 கம்மி வகைகளைச் சோதித்தார்கள். 22-இல் லேபிள் கணக்கு உதைத்தது. ஒன்றில் சொன்ன அளவைப்போல மூன்று மடங்குக்கும் மேல். இன்னொன்றில் மெலடோனினே இல்லை. (அதைத் தின்றும் நன்றாகத் தூங்கியவர்கள் இருப்பார்கள்!) அங்கே மெலடோனின் மருந்தாக அல்ல, துணை உணவாக விற்கிறது. பிரிட்டனில் டாக்டர் சீட்டு வேண்டும்.

இருட்டியதும் பீனியல் சுரப்பி தானே சுரக்கும் ஹார்மோன் இது. ‘ராத்திரியாச்சு’ என்று உடம்புக்குத் தண்டோரா போடும்; அடித்துப்போட்டுத் தூங்கவைக்காது. விமானத்தில் வந்து இரவு பகல் குழம்பிய உங்கள் மகனுக்குப் பலன் தரலாம். நாள்பட்ட தூக்கமின்மைக்குப் பெரிதாக உதவாது. தேவையென்றால் பெரியவர்களுக்கு அரை முதல் 3 மில்லிகிராம் போதும். படுக்க ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால், கொஞ்ச நாளைக்கு மட்டும். போட்டபிறகு வண்டி ஓட்டக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், பிரஷர், சர்க்கரை, வலிப்பு மாத்திரைக்காரர்கள், கர்ப்பிணிகள் எல்லாம் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

டப்பாவைப் பேரன் கைக்கு எட்டாத அலமாரியில் பூட்டிவையுங்கள். செல்போனையும் கூடவே வைத்துப் பூட்டினால் கம்மி தேவைப்படாமலே போகலாம்.